ஏணிக் கொப்பி

முதல் இரண்டு கிழமை லொறிகள் வந்தன.
அரிசி, பால்மா, யார் காலுக்கும் அளவில்லாத சப்பாத்து,
தண்ணீர்ப் போத்தலை ஏந்தி நாங்கள் நிற்கும் படங்கள்.
பிறகு இறக்கக்கண்டிப் பாலத்தடியில் றோட்டுக் காய்ந்தது.
லொறிகளுக்கு வேறு ஊர் கிடைத்தது.

மிஞ்சியது ஓர் ஏணி.
மரண உதவிச் சங்கத்தின் சொத்து,
செத்தவீட்டுக்குப் பந்தல் போடவென்று
மாதச் சந்தாவில் வாங்கியது.
பாலை மரம். தூக்க இரண்டு ஆள் வேண்டும்.
நான் செயலாளர். தூக்கமாட்டேன், எழுதுவேன்:
யார் கொண்டுபோனது, எப்போது வந்தது, என்ன உடைந்தது.

தை மாதம் முழுக்க மாஹிர் வீட்டில் நின்றது.
முகட்டு வளை முறிந்த வீடு, நாள் எடுக்கும்.
மாசியில் பத்திநாதன்; இரண்டாம் படி விலகியது,
நைலோன் கயிற்றால் கட்டித் தந்தார்.
கெங்காதரன் கொண்டுபோய் ஒரு மாதம் திருப்பவில்லை.
போய்ப் பார்த்தேன், கூரை போட்டபாடில்லை,
ஏணியில் வலை காய்ந்துகொண்டிருந்தது.
வள்ளத்தைக் கடல் கொண்டுபோயிற்று,
வலையாவது உயரத்தில் கிடக்கட்டும் என்றார்.
அதையும் எழுதினேன்.

கச்சான் பிறந்ததும் ஊர் அடித்தது, ஆணியாக.
பள்ளிவாசல் பக்கம் தொடங்கும் சத்தம்
கோயில் ஒழுங்கையில் போய் நிற்கும், மறுநாள் திரும்பும்.
கூலிக்கு ஆள் இல்லை.
ஒருவர் கூரையில் மற்றவர் ஏறினோம்,
ஏறியவருக்குச் சோறும் மீனாணமும்.
சீட்டுக் காசில் தகரம் எடுத்ததும் உண்டு;
யார் சீட்டு என்று இங்கே சொல்லமாட்டேன்.

திலகேஸ்வரி மட்டும் கேட்கவில்லை.
நடு அறைக்கு மேலே ஆறடிக்கு ஆறடி ஓட்டை.
தறப்பாளைக்கூட இரவில்தான் இழுத்துவிடுவாள்.
விழுந்த ஓடுகள் விழுந்த இடத்திலேயே;
பிள்ளைகள் சுற்றி நடக்கப் பழகிவிட்டார்கள்.
"அளக்க வருவினம் எண்டு சொன்னவை.
வரேக்க ஓட்டை இல்லாட்டி
எனக்கு என்ன நடந்தது எண்டு ஆர் நம்புறது?"

சித்திரையில் வருவார்கள் என்றார்கள்.
ஆனியில் உத்தியோகத்தருக்கு இடமாற்றம்.
ஆவணியில் கோப்பு நகரத்துக்குப் போனது,
போன கோப்பு போனதுதான்.
அவள் ஓட்டையைக் காவல் காத்தாள்,
நகை வைத்த பெட்டியைக் காப்பதுபோல.

ஐப்பசிக் கூட்டம். வெளியே முதல் இருட்டுக் கட்டியது.
பிளேன்ரீ ஆறியது. ஒருவரை ஒருவர் பார்த்தோம்.
மாஹிர்தான் சொன்னார்: நாங்கள் அளப்போம்.
மீற்றர் நாடா, மாஹிரின் போன்,
சாட்சிக் கையெழுத்து இருபத்திரண்டு.
முத்திரை வேண்டுமே?
எங்களிடம் இருந்தது மரண உதவிச் சங்கத்து முத்திரை ஒன்றுதான்.
"ஓட்டை மௌத்தாப் போனதுக்கு அத்தாட்சி" என்றாள் றசீனா.
திலகேஸ்வரி வாய்விட்டுச் சிரித்து
அன்றுதான் நான் கேட்டது.

மறுநாள் காலை எல்லோரும் அந்த அறைக்குள் நெருக்கியடித்து நின்றோம்,
விழுந்த ஓட்டை யாரும் மிதிக்காமல்.
அண்ணாந்து பார்க்கச் சொன்னார் மாஹிர்.
பார்த்தோம். எடுத்தார்.
பின்னேரத்துக்குள் ஓட்டை இல்லை.
இரவு மழை பிடித்தது.

இது அடுத்த பங்குனி. அளக்க இன்னும் எவரும் வரவில்லை.
படம் கோப்பில் இருக்கிறது.
ஓட்டை அதில் விழவில்லை என்று பிறகுதான் கண்டோம்,
மாஹிர் முகங்களைத்தான் எடுத்திருக்கிறார்:
இருபத்திரண்டு முகம், எல்லாவற்றிலும் மேலிருந்து விழும் வெயில்,
கெங்காதரன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு.
சாட்சிக்கு இது செல்லுமா, தெரியாது.
கிழித்துப் போடவும் மனமில்லை.

ஏணி இப்போது புவிராஜிடம்.
இரண்டாம் படியில் கவனம்.